கட்டை மாற்றிய துப்பாக்கி ஒரிஜினலா?

போன மாதம் ஒரு பழைய துப்பாக்கியைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும்படி என்னைக் கூப்பிட்டார்கள். 37 வருஷம் பைல் கட்டிய குமாஸ்தாவுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள். "எலி பாஷாணம் வைக்கவே பயப்படுகிற மனுஷனுக்குத் துப்பாக்கி எதற்கு?" என்றாள் என் மனைவி.

சம்பந்தம் உண்டு. 1970களில் நான் நாலு வருஷம் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவில் வேலை பார்த்தேன். சுட்டதில்லை. ஆனால் நம்பர் பார்த்து, முத்திரை பார்த்து, ரிஜிஸ்தரில் எழுதிய துப்பாக்கிகள் நிறைய. அத்துடன் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பழைய துப்பாக்கியோடு வரும் பழைய காகிதங்கள் நம் ஊரில் பாதிக்கு மேல் பிரெஞ்சில்தான் இருக்கும். இன்றைக்கு அதை வாசிக்க ஆள் தேடுகிறார்கள். அப்படித்தான் என்னையும் தேடி வந்தார்கள்.

வந்தவர் பிரான்சில் வேலை பார்க்கும் ஒரு பிள்ளை. நாற்பதைத் தாண்டியவர்தான், ஆனாலும் எனக்குப் பிள்ளைதான். அவருடைய அப்பா என் வயதுக்காரர், இரண்டு வருஷத்துக்கு முன் காலமாகிவிட்டார். துப்பாக்கி அவருடைய தாத்தாவுடையது. அந்தத் தாத்தா சைகோனில் துவான் உத்தியோகம் பார்த்தவர். சுங்கம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். நம் தெருக்களில் துவான் என்றால்தான் புரியும். 1954ல், நம் ஊர் கைமாறுவதற்குச் சில மாதம் முன்பு, கப்பலில் ஊர் திரும்பியபோது இரண்டு கற்பூரமரப் பெட்டிகளோடு இந்தத் துப்பாக்கியையும் கொண்டுவந்தார்.

அப்பா காலமானதும் சட்டப்படி துப்பாக்கியை உரிமம் பெற்ற ஒரு வியாபாரியிடம் ஒப்படைத்திருந்தார்கள். இப்போது அதை என்ன செய்வது என்று குடும்பத்துக்குள் பேச்சு. ஒரு ஆள், "இது கஸ்டம் பண்ணினது, ஒரிஜினல் இல்லை, இதற்கு விலையே கிடையாது" என்றாராம். இன்னொரு ஆள், "பழைய ராணுவக் கட்டை ஒன்று வாங்கிப் போட்டு, துருவையெல்லாம் தேய்த்துப் பளபளவென்று கருநீலம் ஏற்றிவிட்டால் ஒரிஜினல் ஆகிவிடும், நல்ல விலை போகும்" என்றாராம்.

"மாமா, ரெண்டு பேரும் வேற வேற சொல்றாங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க. இது ஒரிஜினலா, இல்லையா? என்ன மதிப்பு?" என்று கேட்டார் பிள்ளை.

நான் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வியாபாரி ஒரு கம்பளித் துணியை விரித்து அதன்மேல் துப்பாக்கியை வைத்தார். முதலில் உள்ளே தோட்டா இல்லையென்று அவர் கண்ணால் பார்த்தார், பிறகு விரல் விட்டும் பார்த்தார். நல்ல பழக்கம். பிறகுதான் நான் குனிந்தேன்.

குழல் வந்து பொருந்தும் கனத்த வளையத்தின்மேல் பி.ஒய்.எஃப் என்று மூன்று சிறிய எழுத்துகள், அதன் கீழே 43. ஜெர்மனி யுத்த காலத்தில் எந்த ஆலையில் எது தயாராகிறது என்பது எதிரிக்குத் தெரியக்கூடாதென்று ஆலைப் பெயருக்குப் பதிலாக இப்படிச் சங்கேத எழுத்து போட்டார்கள். பி.ஒய்.எஃப் என்றால் ஓபர்ன்டோர்ஃப் ஊரிலுள்ள மௌசர் ஆலை. 43 என்றால் 1943. ஆகப் பிறப்பில் இது மௌசர் 98 வகை ராணுவ ரைஃபிள். யுத்தம் முடிந்ததும் அந்த ஊர் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த பகுதிக்குள் வந்தது. பிடிபட்ட ஜெர்மன் ரைஃபிள்களை பிரெஞ்சு ராணுவம் இந்தோசீனாவில்கூட உபயோகித்தது. மிச்சமானவற்றில் சில வேட்டைத் துப்பாக்கியாக மாறின. இது அப்படி மாறிய ஒன்று.

மாறியது எது எது? ராணுவ ரைஃபிளுக்கு அநேகமாக மெல்லிய மரப்பட்டைகளை அடுக்கி ஒட்டிய கட்டை. குழலின் முக்கால் பாகத்தை மூடிக்கொண்டு போகும். இதிலோ வால்நட் மரத்தில் கடைந்த நேர்த்தியான வேட்டைக் கட்டை, குழலில் பாதிக்கு முன்பே நின்றுவிடுகிறது. 2000 மீட்டர் வரைக்கும் ஏற்றி இறக்கும் ராணுவக் குறிப்பலகையை எடுத்துவிட்டு, சின்னதாக ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். விசை ஒன்றுக்கு இரண்டு. பின்னால் உள்ளதை முதலில் இழுத்து வைத்தால் முன்னால் உள்ளது விரல் பட்டாலே விழும். வேட்டைக்காரர்களுக்குப் பிரியமான ஏற்பாடு.

முக்கியமான மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ராணுவத் தோட்டாவின் கூடு 57 மில்லிமீட்டர். இந்தத் துப்பாக்கியின் தோட்டா அறையை இன்னும் 3 மில்லிமீட்டர் உள்ளே கடைந்து 60 ஆக்கி, குழலில் 8×60 என்று பொறித்து, பக்கத்தில் எஸ் என்ற எழுத்தும் போட்டிருக்கிறார்கள். எதற்கு இந்த 3 மில்லிமீட்டர்? சட்டத்துக்காக. 1939ல் வந்த சட்டத்தின்படி அந்தக் காலத்தில் பிரான்சில் சாதாரண ஜனங்கள் ராணுவத் தோட்டா போடும் துப்பாக்கியை வைத்துக்கொள்ள முடியாமல் இருந்தது. அதனால் துப்பாக்கிக் கம்மியர்கள் அறையைக் கொஞ்சம் நீட்டி, ராணுவத் தோட்டாவல்லாத வேறு தோட்டாவுக்கு மாற்றினார்கள். இதே கதை இந்தியாவிலும் உண்டு. .303 ராணுவத்துக்கு உரியது, பொதுஜனத்துக்குக் கிடையாது. ஆகவே இஷாப்பூர் ஆலையில் வேட்டைக்காரர்களுக்கென்று.315 செய்தார்கள். சட்டம் எங்கே கோடு கிழிக்கிறதோ அங்கே கம்மியருடைய அரம் வேலை செய்யும்.

அடுத்து குழலின் அடியில் சேந்த் எத்தியேன் சோதனைச் சாலையின் முத்திரை. கூடவே பே, தே என்ற இரண்டு எழுத்து. அந்த ஊர் பிரான்சில் துப்பாக்கிக்குப் பேர்போனது. சாதாரணத் தோட்டாவைவிட அதிக அழுத்தமுள்ள தோட்டாவைப் போட்டு வெடித்துப் பார்த்து, குழல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். தே என்பது அவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்ட புகையில்லாத மருந்தின் பெயர். ஆக யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அறுத்து ஒட்டிய வேலையல்ல இது. முறைப்படி செய்து, முறைப்படி சோதித்து, முத்திரை வாங்கிய வேலை.

திருகாணிகளைப் பார்த்தேன். பழைய பொருளை யார் யார் பிரித்தார்கள் என்பதைத் திருகாணியின் தலை காட்டிக்கொடுத்துவிடும். தப்பான திருப்புளி போட்டவன் வாயைக் கிழித்திருப்பான். இதில் எல்லாமே ஒழுங்கு. எழுத்துகளின் ஓரத்தைப் பார்த்தேன். இயந்திரத்தில் வைத்துத் தேய்த்திருந்தால் எழுத்து மழுங்கி, சோப்பில் எழுதினது போல இருக்கும். இதில் கூர்மையாக இருந்தது. கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் ஒரு காகிதம் நுழையவில்லை. தொலைநோக்கி பொருத்துவதற்கென்று மேலே துளை எதுவும் போடவில்லை.

கடைசியாக நம்பர். வளையத்தின் பக்கத்தில் ஒரு நம்பர், குழலில் அதே நம்பர், அடித்தகட்டில் அதன் கடைசி இலக்கங்கள். எல்லாம் ஒத்துப்போயின. போல்ட்டில் மட்டும் வேறு நம்பர்.

அந்த வேறு நம்பரைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. பிள்ளை, "என்ன மாமா?" என்றார். "ஒன்றுமில்லை, கண்ணாடி மங்கலாக இருக்கிறது" என்றேன். அது பொய். அந்த நம்பரை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

1976. எனக்கு வயது 28. நான் அலுவலகத்தில் சேர்ந்து அஞ்சு வருஷம். என்னைப் போல பிரெஞ்சில் படித்துவிட்டு வந்தவர்களுடைய அப்போதைய சங்கடம் உங்களில் பலருக்குத் தெரியும். 1962 ஆகஸ்ட் 16க்குப் பிறகு ஊர் சட்டப்படி இந்தியா. அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலம். நாங்கள் ஒரு குறிப்பு எழுதினால் அதில் பிரெஞ்சு வாடை அடிக்கும். மேலே இருப்பவர்கள் சிவப்பு மையில் திருத்துவார்கள், பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள். "பிரெஞ்சுக்கார ஆளுங்க" என்று ஒரு பேர் வேறு. அதனால் நான் எல்லாரையும்விட விதிப்படி நடப்பவன் என்று காட்டிக்கொள்வதில் ரொம்ப முனைப்பாக இருந்தேன்.

அப்போதுதான் இந்தப் பெரியவர் உரிமம் புதுப்பிக்க வந்தார். வெள்ளைக் கால்சட்டை, இஸ்திரி போட்ட சட்டை, கையில் தொப்பி. நான் நம்பர் சரிபார்த்தேன். போல்ட்டில் நம்பர் மாறியிருந்தது. கேட்டேன். அவர் நிதானமாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். சைகோனில் கத்தினா தெருவிலிருந்த ஒரு துப்பாக்கிக் கடையின் ரசீது. பழைய போல்ட்டில் விரிசல் கண்டதால் வேறு போல்ட் பொருத்தி, அறையின் அளவை அளந்து சரிபார்த்துக் கொடுத்ததாக நாலு வரி எழுதி, தேதி போட்டு, முத்திரை வைத்திருந்தது.

அந்த நாலு வரியையும் நான் ஒரே பார்வையில் வாசித்துவிட்டேன். அந்தப் பிரிவில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது பிரெஞ்சில் இருக்கிறது ஐயா. அத்தாட்சி பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்" என்றேன். பைலில், உறுப்புகளின் நம்பர் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, பரிசோதனை தேவை என்று அழகான ஆங்கிலத்தில் குறிப்பு எழுதினேன். அன்றைக்கு அந்தக் குறிப்பில் யாரும் சிவப்பு மை வைக்கவில்லை. எனக்கு அதுவே பெருமையாக இருந்தது.

பெரியவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "தம்பி, நீங்க எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் தெரிந்துகொண்டுவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

துப்பாக்கி எட்டு மாதம் வெளியே வரவில்லை. இடையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. கடல் காற்று எப்படி என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவர் மாதம் ஒருதரம் வருவார், வரிசையில் நிற்பார், என் மேஜைக்கு மட்டும் வரமாட்டார். கடைசியில் கையெழுத்தாகித் திரும்ப வாங்கும்போது குழலின் முனையில் மிளகளவுக்கு நாலைந்து துருப்புள்ளிகள். கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். திருட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார் என்று அவர் தெருவில் பேச்சாகிவிட்டது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

போன மாதம் நான் குனிந்து பார்த்தபோது அந்தத் துருப்புள்ளிகள் அங்கேயே இருந்தன. எண்ணெய் போட்டுப் போட்டு மேலே பரவாமல் பாதுகாத்திருக்கிறார்கள். பள்ளம் மட்டும் அப்படியே.

சரி. பிள்ளை கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரிஜினலா, மதிப்பென்ன என்று அவர் ஒரே மூச்சில் கேட்டார். என் அபிப்பிராயத்தில் இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். இவற்றுக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: இதற்கு என்னென்ன நடந்தது, யார் செய்தார்கள், அதற்குக் காகிதம் இருக்கிறதா? அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டும் தானாகத் தெளிந்துவிடும்.

1943ஆம் வருஷத்து ராணுவ ரைஃபிள் என்று விற்றால் இது ஒரிஜினல் அல்ல. யுத்தகாலப் பொருள் சேகரிப்பவர்கள் ஆலையிலிருந்து வந்த கட்டையோடு, எல்லா நம்பரும் ஒத்துப்போகும் துப்பாக்கியைத்தான் தேடுவார்கள். கட்டையை மாற்றி, குறிப்பலகையை எடுத்து, அறையையும் கடைந்த துப்பாக்கி அவர்களுக்கு ஆகாது. கடைந்த இரும்பைத் திரும்ப நிரப்பவும் முடியாது. இந்த அளவில் முதல் ஆள் சொன்னது சரிதான்.

ஆனால் யுத்தத்துக்குப் பின் பிரெஞ்சுக் கம்மியர் செய்த வேட்டைத் துப்பாக்கி என்று எடுத்துக்கொண்டால் இது முழுக்க ஒரிஜினல். கட்டை, விசை, குறித்தகடு, பொறிப்பு, முத்திரை எல்லாம் ஒரே காலத்தைச் சேர்ந்தவை. பிற்பாடு வந்தது போல்ட் ஒன்றுதான். அதற்கும் ரசீது இருக்கிறது.

கஸ்டம் பண்ணினால் மதிப்பே போய்விடும் என்று பொதுவாகச் சொல்வதும் சரியல்ல. லண்டனில் ரிக்பி கம்பெனி மௌசர் ஆலையிலிருந்து இயங்குபாகத்தை வாங்கி, தன் கட்டையைப் போட்டு, தன் பெயரைப் பொறித்து விற்றது. அதைப் போலி என்று யாராவது சொல்வார்களா? ஜிம் கார்பெட் வைத்திருந்த .275 ரிக்பி அந்த வகைதான். சம்பாவத் பெண்புலியை 1907ல் சுட்டுக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்து லெப்டினன்ட் கவர்னர் கொடுத்த பரிசு அது. அந்த விஷயத்தைப் பொறித்த சின்ன வெள்ளித் தகடு அதன் கட்டையில் இருக்கிறது. ஆலையிலிருந்து வந்தபோது அந்தத் தகடு கிடையாது. கணக்குப் பார்த்தால் அதுவும் பின்னால் சேர்த்ததுதான். அதைப் பிடுங்கினால் ஒரிஜினல் ஆகுமா, ஒன்றுமில்லாமல் போகுமா?

இதற்கு நேர் எதிர் உதாரணமும் சொல்கிறேன். அமெரிக்காவில் வின்செஸ்டர் கம்பெனி தன் மாடல் 70 ரைஃபிளின் அமைப்பை 1964ல் மாற்றியது. அதற்கு முந்தையது என்றால் விலை அதிகம். ஆனால் அதில் யாராவது கூடுதலாக ஒரு துளை போட்டிருந்தாலோ, கட்டையின் பின்புறத்தை அறுத்து ரப்பர் வைத்திருந்தாலோ விலை நன்றாக இறங்கிவிடும். காரணம், தேர்ந்த கை செய்த வேலை அல்ல அது, தன் வசதிக்காக எவனோ செய்தது. ஆகவே மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்தக் கை மாற்றியது என்பதையும் பார்க்கவேண்டும்.

இரண்டாவது ஆள் சொன்ன யோசனைதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ராணுவக் கட்டை ஒன்றை எங்கிருந்தோ வாங்கிப் போட்டால், வெளியே 1943, உள்ளே 8×60. வாங்குகிறவன் அதைப் பழைய ரைஃபிள் என்று நம்பி 57 மில்லிமீட்டர் தோட்டாவைப் போட்டால் என்ன ஆகும்? அறைக்குத் தோட்டா பொருந்தாது. கூடு கிழிந்து சூடான வாயு முகத்தில் அடிக்கலாம். அந்த எஸ் எழுத்துக்கும் அர்த்தம் உண்டு. பழைய எட்டு மில்லிமீட்டர் குழலுக்கும் எஸ் குழலுக்கும் சுமார் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் பெரிய குண்டை அந்தச் சின்னக் குழலில் விட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். பொறித்த எழுத்தைத் தேய்த்து அழிப்பது ஒரு ஆளின் கண்ணைப் பறிக்கிற காரியம். அழகு பார்க்கிற இடமல்ல அது.

நம் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும் இந்தக் கோட்டைத்தான் போடுகிறது. கட்டையில் ஒரு கீறலைப் பற்றி அது கவலைப்படவில்லை. ஆனால் அடையாள நம்பரை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம், அழித்த துப்பாக்கியை வைத்திருப்பதும் குற்றம். குழலைக் குட்டையாக்குவதற்கும் தனி உரிமம் வேண்டும். நாலு வருஷம் அந்தச் சட்டத்தோடு குடித்தனம் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த விஷயத்தில் அதன் புத்தி சரியான புத்தி.

இன்றைய விலை என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. அதை மறைக்காமல் பிள்ளையிடம் சொன்னேன். 1972 சட்டம் வேட்டையைச் சுருக்கியது, 1991ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அடியோடு நின்றது. பெரியவர் செஞ்சிப் பக்கம் பன்றி வேட்டைக்குப் போன காலம் வேறு. உரிமம் உள்ளவர்தான் வாங்கமுடியும், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. இந்தத் தோட்டா இங்கே கடையில் கிடைக்கிற சரக்கல்ல. பழசு என்பதால் உரிமம் வேண்டாம் என்றும் நினைக்கக்கூடாது. சட்டத்தில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுடமுடியாத நிலையில் இருப்பதற்குத்தான் அது. இந்த மௌசர் இன்றைக்கும் சுடும்.

"அப்ப என்னதான் மாமா செய்யச் சொல்றீங்க?" என்றார் பிள்ளை.

நம் ஊர் எத்தா சிவில் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். பிறப்பை ஒருமுறை எழுதிவிட்டால் அதை அடிக்கமாட்டார்கள், சுரண்டமாட்டார்கள். பிற்பாடு கல்யாணம் ஆனாலும், கோர்ட்டு உத்தரவுப்படி பேர் திருத்தினாலும், பக்கத்தின் ஓரத்தில் தேதி போட்டு எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். 1881ஆம் வருஷத்துத் தெக்ரேப்படி ரெனோன்சியாசியோன் செய்து புதுக் குடும்பப் பேர் வாங்கிக்கொண்டவர்களின் வம்சம் நம் தெருக்களில் எத்தனை! பேர் மாறியதால் அவர்கள் போலியா? என்ன பேர், எந்த நாளில், என்ன பேராயிற்று என்று காகிதம் இருக்கிறது. அது போதும். பழைய பொருளுக்கும் அந்த ஓரக்குறிப்புதான் வேண்டும். மாற்றியதில் தப்பில்லை. மாற்றியதை மறைத்து விற்பதுதான் தப்பு.

ஆகவே நான் சொன்னது இது. கட்டையை மாற்றவேண்டாம். தேய்க்கவேண்டாம், நீலம் ஏற்றவேண்டாம். மெல்லிய எண்ணெய் போதும். தேர்ந்த கம்மியர் ஒருவர் அளந்து பார்க்காமல் ஒரு தோட்டாகூடப் போடவேண்டாம். சைகோன் ரசீது, பழைய உரிமப் புத்தகங்கள், தாத்தா துப்பாக்கியோடு நிற்கும் போட்டோ எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். துப்பாக்கியை விற்பதானால் உறையையும் சேர்த்துத்தான் கொடுக்கவேண்டும். வைத்துக்கொள்வதானால் இங்கே இருக்கும் உங்கள் அம்மா பேருக்கு உரிமம் கேட்டு எழுதுங்கள், மனு எழுத நான் வருகிறேன்.

பிள்ளை உறையைத் திறந்து காட்டினார். அந்த ரசீது இருந்தது. அதோடு குண்டூசி குத்தி, 1976ல் கட்டணம் கட்டி வாங்கிய ஆங்கில மொழிபெயர்ப்பும் இருந்தது. "இது எதுக்கு மாமா? தாத்தாவுக்கு நல்லா பிரெஞ்சு தெரியுமே, இங்கிலீஷ்ல ஏன் மாத்தி வெச்சாரு?" என்றார்.

சொல்லாமல் வந்துவிடலாம் என்றுதான் ஒரு கணம் தோன்றியது. பெரியவர் போய்விட்டார், மகனும் போய்விட்டார், தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் அரைமணி நேரமாக மறைக்காதே, எழுதி வை என்று அந்தப் பிள்ளைக்கு உபதேசம் செய்துவிட்டு நான் எப்படி மறைப்பது? வியாபாரியையும் வைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். குழல் முனையில் இருக்கும் அந்தப் புள்ளிகள் எப்படி வந்தன என்பதையும் சொன்னேன்.

பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா யாரையும் குறை சொன்னதில்ல மாமா. அந்த எட்டு மாசம் மட்டும் யார் கேட்டாலும் பேசமாட்டாராம், அப்பா சொல்வாரு" என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய ஆளிடம் கேட்காமல் 48 வருஷத்தை விட்டுவிட்டேன்.

அன்று இரவு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். ஒன்று தமிழில், ஒன்று பிரெஞ்சில். ஆலை, வருஷம், மாற்றங்கள், முத்திரைகள், போல்ட் மாறிய தேதி எல்லாம் வரிசையாக. கடைசியில்: குழல் முனையிலுள்ள துருப்புள்ளிகள் 1976–77ல் ஏற்பட்டவை, உரிமையாளர் காட்டிய ரசீதை வாசிக்கத் தெரிந்தும் வாசிக்காமல் விட்ட குமாஸ்தாவின் குறிப்பினால் துப்பாக்கி எட்டு மாதம் காவலில் இருந்தது, அந்தக் குமாஸ்தா நான். தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளை இரண்டையும் வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ரசீதுக்கு அடியில் வைத்து உறையை ஒட்டினார்.

துப்பாக்கியை விற்பதா வேண்டாமா என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அம்மாவுக்கு வைத்துக்கொள்ள ஆசை போலத் தெரிகிறது. மனு எழுதக் கூப்பிட்டால் போவேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு சைகோன் பெட்டியோ, சுவர்க் கடிகாரமோ, அப்பாவின் துப்பாக்கியோ இருக்கும். பிள்ளைகள் ஒரிஜினலா என்று கேட்பதற்குள் உட்கார்ந்து எழுதி வையுங்கள். எங்கே வாங்கியது, எது உடைந்தது, யார் ஒட்டினார்கள் என்று. நம் கையால் உடைந்தது இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.